மூழ்கிப்போன நீர்மூழ்கி

திண்டிவனத்துச் சக்கரபாணி கடற்படையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அவர் வேலை பார்த்த நீர்மூழ்கிக் கப்பல்தான் பொம்மையார்பாளையத்துக்கு எதிரே கடலடியில் கிடக்கிறது. கப்பலுக்கு ஓய்வு கொடுத்து, உடைப்பதற்காக ஆளில்லாமல் இழுத்துப் போனபோது புயலில் வடம் அறுந்து மூழ்கிவிட்டது. அதைப் பார்ப்பதற்கென்றே அவர் ஸ்கூபா பழகினார். அங்கே கூட்டிப் போவது ஜெசிந்தாவின் வேலை. அவள் முகையூர்ப் பெண். கிணற்றில் நீந்தப் பழகியவள்.

"உள்ள மட்டும் போவக் கூடாது சார். இப்பவே சொல்லிட்டேன்," என்றாள் படகில்.

"அதுக்குள்ளயே குடித்தனம் பண்ணவன்மா நான்."

"அப்ப உள்ள லைட்டு எரிஞ்சிது. இப்ப எல்லாம் சேறு. காலை ஒரு ஆட்டு ஆட்டினா உங்க கையே உங்களுக்குத் தெரியாது."

"சரி, போவல."

நங்கூரக் கயிற்றைப் பிடித்து இருவரும் இறங்கினார்கள். பச்சைக் கலங்கலுக்குள்ளிருந்து கப்பல் மெல்லத் தெரிந்தது. உடம்பெல்லாம் சிப்பி, மேலே மீன் கூட்டம். சக்கரபாணி அசையாமல் மிதந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அவரை அவசரப்படுத்தவில்லை. முகமூடிக்குள் இறங்கிய தண்ணீரை வெளியேற்றக் கொஞ்சம் தலையை நிமிர்த்தினாள். மறுபடி பார்த்தபோது, கப்பலுக்குள் இறங்கும் வழி மூடி திறந்து கிடந்தது; அதற்கு வெளியே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

பாய்ந்துபோய் சிலிண்டரைப் பிடித்து இழுத்தாள். ஆள் வரவில்லை. சேறு புகைபோலக் கிளம்பி இருவரையும் மூடிவிட்டது. கையை விட்டுத் தடவினாள். அவருடைய காற்றுக் குழாய் ஒன்று துருப்பிடித்த இரும்பில் மாட்டியிருந்தது. அவர் திமிறத் திமிற அது இன்னும் இறுகியது. தோளை அழுத்தி அவரை நிறுத்திவிட்டு, குழாயைப் பின்னுக்குத் தள்ளி விடுவித்தாள்.

வெளியே வந்ததும் அவருடைய காற்று மீட்டரைப் பார்த்தாள். முள் சிவப்பில் நின்றது. தன் உபரி மூச்சுக்குழாயை அவர் வாயில் கொடுத்தாள். மேலே வரும் வழியில், அழுத்தம் குறைவதற்கு உடம்பு பழக நிற்க வேண்டிய ஆழத்தில் நின்றபோது அவர் அவளுடைய தோள்பட்டையை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். கோபமும் பயமும் ஒன்றாக வந்தன அவளுக்கு. இரண்டு பேருக்கும் காற்று போதுமா என்றுதான் மனம் ஓடியது. போதுமானதாக இருந்தது.

படகோட்டி பூவரசன் இருவரையும் தூக்கி ஏற்றினான்.

"வாக்கு குடுத்தீங்களே சார்," என்றாள் ஜெசிந்தா. "உங்களோட நானும் போயிருப்பேன்."

"தப்புதான்மா." முகமூடியைக் கழற்றினார். "என் படுக்கை அந்த மூடிக்கு நேர் கீழதான். ஒரு பார்வை பாத்துடலாம்னு தலைய விட்டேன். ஒண்ணும் தெரியல," என்றார்.

"இனிமே நான் கூட்டிக்கினு வரமாட்டேன்."

"கேக்கவும் மாட்டேன்."

கரை நெருங்கும்போது அவர் மனைவி காந்திமதி போனில் கூப்பிட்டார். "பாத்துட்டீங்களா?"

"பாத்தேன். அத்தனை வருஷம் உள்ளயே கெடந்தேன், முழுசா இன்னிக்குத்தான் பாக்குறேன். சின்னதா இருக்குது காந்தி. இதுலயா அவ்ளோ பேரு இருந்தோம்னு இருக்குது." கொஞ்சம் தயங்கினார். "கீழ ஒரு பேஜாராப் போச்சு. இந்தப் பொண்ணுதான் இழுத்துக்கினு வந்துது. வூட்டுக்கு வந்து சொல்றேன்."

ஜெசிந்தா அவருடைய சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.