சாப்பிட்டீர்களா என்று கேட்கும் நாள்

காவிரியில் தண்ணீர் திறக்கச் சொல்லி உத்தரவு வந்த அன்று மாலை, பொம்மனஹள்ளியின் அந்தத் தெருவில் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. சண்முகம் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். மனதின் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. அது அவருக்கே பிடிக்கவில்லை.

காவிரிக் கலவரத்தில் பேருந்துகள் எரிந்த வருஷத்துக்குப் பிறகு தெருக்காரர்கள் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று உண்டு. இப்படிப்பட்ட மாலைகளில் ஒரு கன்னட வீடு ஒரு தமிழ் வீட்டைப் போனில் கூப்பிடும். அந்தத் தமிழ் வீடு அடுத்த கன்னட வீட்டைக் கூப்பிடும். கூப்பிடுகிறவர் எதிராளியின் மொழியில் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அழைப்பு தெருவைச் சுற்றி முதல் வீட்டுக்கே திரும்பினால் எல்லோரும் பத்திரம். நடுவில் நின்றுபோனால் திரும்பக் கூப்பிடக் கூடாது, அழைப்பு வராதவர் நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். பயந்தவன்கூட போனில் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுவான்.

சண்முகம் பீன்யா தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள். மகன் பரத் புனேயில் இருக்கிறான். எப்போதாவது பேசுவான், பேசும்போதே பக்கத்தில் யாருக்கோ பதில் சொல்வான். சாப்பிட்டாயா என்று சண்முகத்தை ஒருவர் கேட்க, இந்த ஊரில் தண்ணீர்ப் பிரச்சினை வர வேண்டியிருந்தது.

போன் அடித்தது. எதிர்வரிசை கிரிஜம்மா, கன்னட டீச்சராக இருந்தவர்.

"சண்முகண்ணா, சாப்ட்டீங்களா?"

"ஆச்சும்மா. என்ன சமையல் உங்க வீட்ல?"

கிரிஜம்மா தயங்கினார். "ராகி முத்தே, கீரை சொப்பு சாரு. அண்ணா, ரேணுகப்பா காத்துக்கிட்டிருப்பாரு."

"ஆமாமா. வெச்சுடுங்க."

அடுத்து சண்முகம் மாவு மில் ரேணுகப்பாவைக் கூப்பிட வேண்டும். எண்ணை எடுத்தார். ரேணுகப்பா ஒரே சொல்லில் பதில் சொல்லி வைத்துவிடுவார். பிறகு அடுத்த உத்தரவு வரும்வரை இந்தப் போன் சும்மா கிடக்கும். இப்போது தன் குரலுக்காக ஒருவர் காத்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும். போனின் வெளிச்சம் அணைந்தது. தொட்டார், எரிந்தது. மறுபடி அணைந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ தெரியவில்லை. தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது.

"போன் சண்முகம் வீட்டோட நின்னுபோச்சு. கல்லு உட்டாங்களாம்டா."

"யாரு?"

"வேற யாரு?"

ஜன்னல் வழியே பார்த்தார். முனையில் தமிழ்ப் பையன்கள் கூடியிருந்தார்கள். ஒருவன் கையில் கட்டை. எதிர்ப்பக்கம் கன்னடப் பையன்களும் சேர ஆரம்பித்திருந்தார்கள். சண்முகம் செருப்புப் போடாமல் ஓடிப்போய் கேட்டைத் திறந்தார்.

ரேணுகப்பா வந்து நின்றிருந்தார். மூச்சு வாங்கியது.

"ஏனு, என்னாச்சு சண்முகம் அவரே, அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல."

"போன்?"

சண்முகம் கையிலிருந்த போனைப் பார்த்தார். "கையிலதான் இருந்துச்சு."

ரேணுகப்பா அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியே உள்ளே பார்த்தார். ஒற்றை நாற்காலி, ஒற்றைத் தட்டு. பிறகு முனையைப் பார்த்துத் திரும்பி உரக்கச் சொன்னார்:

"ஏனும் இல்லப்பா, ஒண்ணும் ஆகல. அவரு கூப்ட்டாரு, மில்லு சத்தத்துல எனக்குக் கேக்கல. போங்க, போங்க."

"மில்லுதான் மூடியிருக்கே, ரேணுகண்ணா," என்றான் ஒருவன்.

"மூடுறதுக்கு முன்னாடிடா. காது போன கிழவன்கிட்ட கணக்குக் கேக்குறான் பாரு."

சிரிப்பு எழுந்தது. கட்டை வைத்திருந்தவன் அதைச் சுவரில் சாய்த்தான். இரண்டு பக்கமும் கலைந்தார்கள்.

"அடுத்த தடவை கிரிஜம்மா எனக்கே போன் பண்ணட்டும்," என்றார் ரேணுகப்பா, மெதுவாக. "உங்களுக்குத் தனியா நான் பண்றேன். நீங்க யாருக்கும் பண்ண வேணாம். எவ்ளோ நேரம் வேணும்னாலும் பேசலாம்."

இனி தன்னுடைய குரலுக்காக யாரும் காத்திருக்கப் போவதில்லை என்று சண்முகத்துக்குப் புரிந்தது. அது நியாயம் என்றும் புரிந்தது.

"ரேணுகப்பா அவரே," என்றார். கேட்காமல் விட்டதை இப்போது கன்னடத்தில் கேட்டார். "ஊட்டா ஆய்த்தா?"

"ஆய்த்து."

ரேணுகப்பா அங்கேயே நின்று அடுத்த வீட்டை அழைத்து, தமிழில் கேட்டார். பேசி முடித்துத் தலையசைத்துவிட்டு நடந்தார். சண்முகம் கேட்டைப் பிடித்தபடி நின்றார். சற்றுத் தள்ளி ஒரு வீட்டில் போன் அடித்தது, எடுக்கப்பட்டது. பிறகு அதற்கும் அப்பால் இன்னொன்று. அதற்குப் பிறகு அடித்தவை இங்கே கேட்கவில்லை.