பிரேக்கில் ஒரு கால்

"இன்னா ஆனாலும் காலை மட்டும் எடுத்துடாத சுதா" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு தீனதயாளன் ஓடைப் பக்கம் இறங்கிப் போனார்.

ஜெயசுதா டிரைவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்து வலது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டுமா, விட வேண்டுமா என்றுகூடத் தெரியாது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் முன் சீட்டுக் கம்பியைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தாள். கோமுகி அணையைத் தாண்டி மலையேறுகிற ரோட்டில், ஒரு வளைவு முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிற ஏற்றம் அது. மூக்கை மேலே தூக்கி நின்ற வண்டி கடகடவென்று உதறிக்கொண்டிருந்தது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் இந்நேரம் பிரேயர் ஆரம்பித்திருக்கும். தலைமையாசிரியர் இவளுடைய வகுப்பு வரிசையைப் பார்த்துவிட்டு கேட்டைப் பார்ப்பார்.

இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். முதல் தடவை அவளுக்கும் தோன்றியது, கேட்டும் பார்த்தாள். "சூட்டோட நிறுத்தினா ஹெட்டு வளைஞ்சிடும். வளைஞ்சிதுன்னா இஞ்சின எறக்கணும். ஓடிக்கினே இருக்கணும், ஓட ஓடத்தான் தண்ணி ஊத்தணும்" என்றார். சரி, ஹேண்ட்பிரேக் என்று ஒன்று இருக்கிறதே? இருக்கிறது, பேருக்கு. இழுத்தால் மேலே வரும், வண்டியைப் பிடிக்காது. அதைச் சரி பண்ணக் கூடாதா என்றால், முதலில் இன்ஜின் வேலை முடியட்டும் என்பார். இன்ஜின் வேலை எந்தக் காலத்தில் முடிந்தது? ஆகவே, மலையில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்கு மிச்சமிருந்தது அவளுடைய கால்தான். போன மழைக்காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு.

வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தீனதயாளனை யாராலும் நிறுத்த முடியாது. முதலில் ரேடியேட்டர் ஒழுகியது. அதை மாற்றியதும் வாட்டர் பம்ப் போனது. கள்ளக்குறிச்சியில் பட்டறை வைத்திருக்கும் லூர்துராஜ், "உள்ள ஒரு வால்வு கீது சார், அதுதான் சூட்ட ஏத்துது" என்று எதையோ கழற்றித் தூர எறிந்தார். அது போனதிலிருந்து காலையில் வண்டி சூடாகவே மாட்டேன் என்றது, மலையில் ஏறினால் ஆறவே மாட்டேன் என்றது. பிறகு ஹெட் கேஸ்கெட். மாற்றினார்கள். பொங்கல் கழிந்து மறுபடியும் அதே கேஸ்கெட். ஆயிலில் தண்ணீர் கலந்து பால் காப்பி நிறத்தில் வந்தபோது தீனதயாளன் அதை விரலில் தொட்டு, அடுப்படியில் நின்றவளிடம் கொண்டுவந்து காட்டினார். பட்டறையில் நிற்கும்போது வண்டி அவ்வளவு சாது. லூர்துராஜ் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான சார் ஓடுது, உங்களுக்குப் பழகிப்போன சத்தத்த நீங்களே கம்ப்ளெய்ன்டுன்றீங்க" என்பார். கச்சிராயபாளையம் தாண்டியதும் வேலையைக் காட்ட ஆரம்பிக்கும்.

இதே வண்டி வைத்திருப்பவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. பாதிப் பேர் வண்டியை விற்றுவிட்டார்கள், விற்றவர்கள் குழுவை விட்டும் போய்விட்டார்கள். மிச்சமிருக்கிற ஏழெட்டுப் பேருக்கு தீனதயாளன்தான் பெரியவர். ஓடுகிற வண்டியில் போனை டேஷ்போர்டில் வைத்துச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புவார். அனுப்புவதற்கு முன்னால் இவளைக் கேட்பார். "கேக்குதா சுதா? அந்த டிக்கு டிக்கு?" அவளுக்கு ஒன்றும் கேட்காது. கேட்கவில்லை என்று சொன்னால், கேட்கும்வரை வண்டியை மெதுவாக ஓட்டுவார். அதனால் "கேக்குதுங்க" என்று சொல்லப் பழகிவிட்டாள். ஒரே ஒரு தடவை, "பேசாம வித்துட்டா இன்னாங்க?" என்றாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பதவி உயர்வில் அவளுக்கு வெள்ளிமலை கிடைத்தபோது தியாகதுருகத்தில் வைத்திருந்த உரக்கடையை அவர் மூடினார். "சுதாவுக்காக மூடிட்டேன். பொம்பள, மலையில பஸ்ஸ நம்பி எப்படிப் போவா?" என்று கல்யாண வீட்டிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார். கடை அதற்கு முன்பே படுத்துவிட்டது என்பது ஜெயசுதாவுக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. மகன் கோயம்புத்தூர் வேலைக்குப் போன பிறகு வீட்டில் வேறு பேச்சும் இல்லாமல் போனது.

கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவராக இருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம்வரை பள்ளிக்கூடத்து வாசலிலேயே, பலா மரத்தடியில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு இருப்பார். பிள்ளைகள் அவருக்குக் கார் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மத்தியான மணி அடித்தால் டிபன் கேரியரோடு வகுப்பு வாசலில் நிற்பார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் யாரிடமாவது நின்று இரண்டு வார்த்தை பேசினால் ஹாரன் அடிப்பார். கோபமாக அல்ல, இங்கே இருக்கிறேன் என்று ஞாபகப்படுத்துகிற மாதிரி. "குடுத்து வச்சவங்க டீச்சர் நீங்க, எங்க வூட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட வரமாட்டாரு" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லும்போது சிரித்து வைப்பாள். நல்ல மனுஷன்தான், யார் இல்லையென்றது? குடி கிடையாது. கை நீட்டியது கிடையாது. கெட்டவனைக் கட்டியிருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். நல்லவரைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று சொல்வது? அவளுக்கு மூச்சு முட்டியது, அவ்வளவுதான்.

வெள்ளிமலையில் நர்சாக இருக்கும் ஜூலியாவின் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு ஒன்று காலியாக இருந்தது. திங்கள் முதல் வெள்ளிவரை தங்கலாம், சனி ஞாயிறு கள்ளக்குறிச்சி வீட்டுக்கு வந்துவிடலாம். போன வாரம் ஒரு ஓய்வு வகுப்பில், பலா மரத்தடியிலிருந்து தெரியாத பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சிமெண்டுத் தரை, பின்னால் ஒரு கொய்யா மரம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. கேக்குதா என்று கேட்க ஆளும் இல்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாள் இன்றைக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தாள். பேங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் அவசரப்படுத்துகிறாராம். காலையில் கிளம்பியதிலிருந்து ஜெயசுதா சொல்லத்தான் பார்த்தாள். "ஏங்க..." என்று ஆரம்பித்தாள். "இரு இரு, சூட்டு முள்ளு ஏறுது பாரு" என்றார். அணை வந்ததும் மறுபடி "ஒண்ணு சொல்லணுங்க" என்றாள். "வாசனை வருதா? கருகற மாதிரி?" என்றார். அதற்குள் ஆவி கிளம்பிவிட்டது.

கீழே வளைவில் பஸ் உறுமுவது கேட்டது. காலையில் வெள்ளிமலை போகிற பஸ். வளைவு திரும்பி வந்து காரின் பக்கத்தில் நின்றது. ஜன்னலில் ஜூலியா, ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள்.

"இன்னா டீச்சர், நீங்க வண்டி ஓட்ட ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்ல ஜூலியா. சூடாயிடுச்சி. அவரு தண்ணிக்குப் போயிருக்காரு."

கண்டக்டர் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார். "ஏறுங்க டீச்சர், நேரமாயிடுச்சி. சார் மெதுவா வரட்டும்."

அவளுக்கு அப்படியே ஏறிவிட வேண்டும் போலிருந்தது. பையை எடுக்கக் கையை நீட்டியும் விட்டாள். தொடை சற்றுத் தளர்ந்தது, வண்டி பின்னால் ஒரு சாண் போனது. பதறிப்போய் மிதித்தாள். "கால எடுக்க முடியாதுங்க. ஹேண்ட்பிரேக்கு பிடிக்காது" என்றாள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

கண்டக்டர் சிரித்துவிட்டார். "அட இன்னா டீச்சர் நீங்க! பின்னால டயருக்கு ஒரு கல்லு குடுத்தா முடிஞ்சிது. மலை பூரா கல்லுதான கெடக்குது. இதுக்குப் போயி ஒரு மனுசியக் கட்டிப் போட்டா வைப்பாங்க? இருங்க, நான் வைக்கிறேன்" என்று குதித்து இறங்கினார்.

"வேணாம் வேணாம்!" தீனதயாளன் கேன் தளும்ப மேலேறி ஓடிவந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. "நீங்க கெளம்புங்க, நான் பாத்துக்கறேன். அவங்கள நான் கொண்டாந்து வுட்டுடறேன். தினமும் நாந்தான வுடறேன்."

கண்டக்டர் ஜெயசுதாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சரி, புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று நினைத்தாரோ என்னவோ, விசிலை ஊதிவிட்டு ஏறிக்கொண்டார். பஸ் நகரும்போது ஜூலியா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள். "டீச்சர், அந்த வூட்டுக்காரம்மா மத்தியானமே வருவாங்களாம்! வரீங்களா இல்லையான்னு சொல்லிடுங்க!"

பஸ் போய்விட்டது. தீனதயாளன் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். தூக்கிய பானெட் மறைத்ததால் அவருடைய முகம் அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மறுபடியும் கேஸ்கெட்டுதான்" என்றார் அங்கிருந்தபடியே. "லூர்துராஜ் கைய வச்சாலே இப்படித்தான். சேலத்துல ஒருத்தன் இருக்கானாம், குரூப்புல சொன்னாங்க. ஒரு தடவ கொண்டும்போயி..."

"உங்களுக்குக் கல்லு வைக்கத் தெரியாதா?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"இவ்ளோ நாளா என்னை உக்கார வச்சீங்களே. ஒரு கல்லு வைக்கத் தெரியாதா?"

"கல்லு வழுக்கும் சுதா. ஏத்தம் ஜாஸ்தி."

"கல்லு வழுக்கும், என் காலு வழுக்காதா?"

அவர் பானெட்டைச் சாத்திவிட்டு, கைகளை வேட்டியில் துடைத்தபடி அவளுடைய ஜன்னல் பக்கம் வந்து நின்றார். மூச்சு இன்னும் அடங்கவில்லை. கிட்டத்தில் பார்க்கும்போது தாடையில் காலைச் சவரத்தில் விட்டுப்போன நரைமுடிகள் தெரிந்தன.

"இன்னா வூடு?" என்றார்.

சொன்னாள். இரண்டு அறை, ஜூலியா வீட்டுக்குப் பக்கம், திங்கள் முதல் வெள்ளிவரை. அவ்வளவு நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த காரணங்களை, அலைச்சல், முதுகுவலி, மழைக்காலம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

"எனக்கு முடியலைங்க" என்று முடித்தாள். "காருல உக்காந்தாலே எனக்கு நெஞ்ச அடைக்குது."

"வண்டிய மாத்திடலாம்."

"வண்டியால இல்லைங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார். கீழே அணைத் தண்ணீர் வெயிலில் பளபளத்தது. பிறகு, அவளிடம் இல்லாமல் யாரிடமோ கேட்கிற மாதிரி கேட்டார். "அப்ப நான் காலைல எழுந்து எங்க போறது?"

இந்தக் கேள்விக்குத்தான் ஜெயசுதா பயந்துகொண்டிருந்தாள். அவர் மேல் இரக்கம் வந்தது. இரக்கத்தோடு சேர்ந்து எரிச்சலும் வந்தது, அந்த எரிச்சல் தன் மேலா அவர் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லிவிட்டால் அந்த வார்த்தையே போதும், நாளைக்கும் அதற்கடுத்த நாளும் ஓய்வு பெறும் வரைக்கும் இதே வளைவில் உட்கார்ந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கல்ல எடுத்துக்கினு வாங்க" என்றாள். "நான் எறங்கணும்."

அவர் ரோட்டோரம் போனார். ஓரத்துச் சுவர் இடிந்து கொட்டிக்கிடந்த கற்களில் ஒன்றைக் காலால் புரட்டினார், வேண்டாமென்று விட்டு, பெரிதாக ஒன்றைக் குனிந்து இரண்டு கையாலும் தூக்கினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர் தெரிந்தார். கல்லை வயிற்றோடு அணைத்தபடி, வண்டிக்கு நேர் பின்னால் வந்து நின்றார். குனிந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தால் முடிந்தது.

அவர் குனியவில்லை.

"வைங்க!" என்றாள். இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள். கல்லின் கனத்தில் அவருடைய தோள்கள் இறங்கியிருந்தன. கண்ணாடியில் அவர் அவளைப் பார்க்கிறாரா, கண்ணாடியைத்தான் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. அவர் நகரவும் இல்லை. இப்போது காலை எடுத்தால் வண்டி அவர் மேல்தான் ஏறும்.

அவளுடைய தொடை நடுங்க ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு முழங்கால்வரை வெடவெடவென்று. ஜெயசுதா இடது காலையும் தூக்கி வலது காலின் மேல் வைத்து, இரண்டு காலாலும் பிரேக்கை அழுத்தி மிதித்தாள்.