வாசல் கதிரை

யசோதாவுக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. கண்டி மாநகர சபையில் காலமெல்லாம் கிளார்க்காக இருந்தவர். சிரித்துக்கொண்டு வருகிற ஆளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் அங்கே படித்த பாடம். ஓய்வு பெற்றதும் அந்தச் சந்தேகத்தை வீணாக்காமல் தோட்ட நோயாளர் உதவிச் சங்கத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

சின்னச் சங்கம். பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வாடகை வீடு. தேயிலைத் தோட்டங்களிலிருந்து நோயாளியைக் கூட்டிவரும் சனம் ஆஸ்பத்திரி விறாந்தையில் சுருண்டு கிடக்கக் கூடாது என்று ஆரம்பித்தது. படுக்கக் கட்டில் உண்டு, குடிக்கக் கஞ்சி உண்டு, டாக்டரிடம் சிங்களத்தில் பேசிக்கொடுக்க ஆள் உண்டு. செயலாளர் யசோதாதான். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பதும் அவரேதான். யார் வந்தாலும் முதல் கேள்வி, "எந்தத் தோட்டம்? எந்த டிவிசன்?" பதிலில் தடுமாறினால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஒரு காலத்தில் டவுன்காரர்கள் பொய் சொல்லிக் கட்டிலைப் பிடித்துக்கொள்ள, தோட்டத்துச் சனம் வெளியே நின்றது உண்மை. அதற்காக வந்த கேள்வி அது.

வீட்டுச் சொந்தக்காரர் கொழும்பிலிருந்து வந்து வீட்டை விற்கப் போவதாகச் சொன்னதும் சங்கத்தில் எல்லோரும் வேறு வீடு தேடத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் குண்டசாலை 'நிழல்' நலன்புரிச் சங்கம் பேச வந்தது. அவர்களும் நோயாளிகளின் உறவுக்காரருக்கு விடுதி நடத்துகிறவர்கள்தான். முஸ்லிம்கள் தொடங்கியது, தலைவி சகீனா டீச்சர். அவர்களுக்கு வீட்டை வாங்க வசதி இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இடம்தான் இல்லை, குண்டசாலையிலிருந்து பஸ் பிடித்துத்தான் வர வேண்டும்.

"ரெண்டு சங்கமும் ஒண்டாகுவோம். ஒண்டா நிண்டு இந்த வீட்ட வாங்குவோம்" என்றார் டீச்சர். இல்லையென்றால் வருடக் கடைசியில் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான்.

சங்கத் தலைவர் ராஜலிங்கம், பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், அப்போதே தலையாட்டிவிட்டார். யசோதா விடுவாரா?

"அண்ணே, சும்மாவா வாறாங்க? இன்னைக்கு ஒண்ணாவோம்பாங்க. நாளைக்கு இந்த வீட்டுல அவங்க ஆளுங்க, நம்ம சனம் குண்டசாலைக்கு பஸ்ஸுல. வாசல்ல நான் இல்லாட்டி யாரு கேக்கப் போறா?"

"அவ்வளவு சந்தேகம்னா நீங்களே போயிப் பாத்துட்டு வாங்களேன்" என்றார் ராஜலிங்கம் கேலியாக.

கேலிக்குச் சொன்னதை யசோதா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு குண்டசாலை பஸ் ஏறிவிட்டார். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டம், தங்கச்சி வார்டில் கிடக்கிறாள் என்று கதை தயார். அடேயப்பா, பஸ்ஸில் அதை மனதுக்குள் எத்தனை தரம் ஒத்திகை பார்த்திருப்பார்!

அங்கே கதை தேவைப்படவே இல்லை. வாசலில் ஆளே கிடையாது. உள்ளே இருந்த ஒரு பெண் பிளேன்டீயை நீட்டி, "சாப்பிட்டீங்களா? மரக்கறி வேற சட்டியில ஈக்கு, பயப்படாமத் தின்னுங்க" என்றாள். அறைக்குள் தோட்டத்துக் கிழவி ஒருத்தியும் சிங்களப் பெண் ஒருத்தியும் ஒரே பாயில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். யசோதா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை.

வேறு யாராயிருந்தாலும் அத்தோடு மனம் ஆறியிருக்கும். இவருக்கோ திரும்பி வரும்போது சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது. இவ்வளவு நல்லா யாராவது நடத்துவாங்களா? என்னை அடையாளம் கண்டுபிடித்து நாடகம் ஆடியிருக்கிறார்கள். நாம் போய் வேவு பார்த்தோம், அவர்களும் ஆள் விடாமலா இருப்பார்கள்? வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

புதன்கிழமை பின்னேரம் நல்ல மழை. முக்காடு நனைந்து தலையோடு ஒட்டிப்போக, ஒரு நடுத்தர வயதுப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"எந்தத் தோட்டம்?"

"தோட்டம் இல்லங்க. ஊர் கம்பளைப் பக்கம். மாப்புள வாட்ல ஈக்காரு."

"ஒங்க புருஷன் எந்த வார்ட்?"

அவள் நம்பரைச் சொன்னாள், பிறகு மாற்றிச் சொன்னாள். யசோதாவின் மூக்கில் வியர்த்துவிட்டது.

"யாரு ஒங்கள இங்க அனுப்புனது?"

"ஒருத்தருமில்ல. டீக்கடையில கேட்டேன், இங்க இடம் ஈக்குண்டு சொன்னாங்க."

டீக்கடையாம்! யாருக்குக் காது குத்துகிறாள்? உள்ளே கட்டில்கள் காலியாகத்தான் கிடந்தன. "இடமில்ல, போயிட்டு வாங்க" என்றார் யசோதா. அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மழையில் இறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க யசோதாவுக்கு ஒரே உற்சாகம்.

சனிக்கிழமை இரண்டு சங்கமும் கூடி முடிவெடுக்கும் கூட்டம். ராஜலிங்கம் வணக்கம் சொல்லி உட்காருவதற்குள் யசோதா எழுந்துவிட்டார்.

"ஒண்ணாவோம்னு ஒரு பக்கம் பேசிக்கிட்டே, இன்னொரு பக்கம் ஆள அனுப்பி வேவு பாக்குறீங்களே டீச்சர், இது நல்லாருக்கா? புதன்கிழம ஒரு பொம்பளைய அனுப்புனீங்கதானே? நான் கண்டுபிடிச்சு அனுப்பிட்டேன்."

சகீனா டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு இங்க கட்டில் எல்லாம் நெறஞ்சா ஈந்திச்சு, யசோதா மிஸ்?"

பொய் சொல்லியிருக்கலாம். ராஜலிங்கம்கூட கண்ணைக் காட்டினார். ஆனால் யசோதா எத்தனை சந்தேகப்பட்டாலும் பொய்க்காரி இல்லை.

"இல்ல. காலியாத்தான் இருந்துச்சு."

"நாங்க யாரையும் அனுப்பல்ல. அதுக்கு முந்தி அவங்க யாருண்டே எங்களுக்குத் தெரியாது. இங்க இடமில்லண்டதால யாரோ எங்கட இடத்தச் சொல்லி, பஸ் ஏறி குண்டசாலைக்கு வந்தாங்க. வந்து உடுப்புக்கூட மாத்தல்ல, ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்திச்சு. மாப்புள மவுத்து. உசிரு போற நேரம் அவங்களத்தான் கேட்டாராம். நேர்ஸ் வெளிய வந்து கூப்புட்டுப் பாத்திருக்கா. அவங்க அப்ப பஸ்ஸுல."

யசோதா கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் ஓடிப் போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வீட்டையே எடுத்தார்கள். அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரும் அவரேதான்.

"நாங்க சேர்றோம்" என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. "வீட்டையும் வாங்குவோம். தோட்டத்து ஆக்களுக்குத்தான் முதல் கட்டில், அத எழுதியே தாறோம். ஒரே ஒரு விஷயம். வாசல்ல நீங்க இருக்க வேணாம்."

"டீச்சர், அவங்க எத்தன வருசமா..." என்று ராஜலிங்கம் ஆரம்பித்தார்.

"விடுங்கண்ணே" என்றார் யசோதா. இத்தனை நாள் கண் கொட்டாமல் காவல் இருந்த வாசல் அந்த ஒரு சொல்லோடு போய்விட்டது. போகட்டும். அவரை வாட்டியது அது இல்லை. "நான் அந்தம்மாவப் போயிப் பாக்கணும். கால்ல விழுந்தாலும் தகும். அவங்க பேரு என்னாங்க டீச்சர்?"

சகீனா டீச்சர் எழுந்து அவர் பக்கம் வந்தார்.

"அவங்களே சொன்னாங்க மிஸ். வாசல்ல ஈந்த அம்மா எல்லாம் கேட்டாங்களாம், பேர மட்டும் கேக்கல்லையாம்."

யசோதா முகத்தை மூடிக்கொண்டார். டீச்சர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அந்தப் பெயரை மெதுவாகச் சொன்னார்.