லோடர் வால்வில் ஒரு சந்தனப் பொட்டு

1

இந்தக் கதை ஒரு லோடர் வால்விலிருந்து வந்தது. பொட்டிலிருந்து என்றுதான் எழுதியிருக்க வேண்டும். அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை. முதல் வரிக்கு இப்படியெல்லாம் முயன்றேன்:

ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், மழை விட்டதும்...

என் வீட்டுக்காரர் ஓட்டிய லோடரை...

இரண்டாவதில் கை நின்றுவிட்டது. ஆகவே ‘நான்’ என்பதைக் கோகிலா ஆக்குகிறேன். கணவன் பெயர் சசி. மாசியில் காய்ச்சலில் போய்விட்டான். (காய்ச்சலைப் பற்றி இங்கே எதுவும் வராது.)

2

மண்சரிவு மேல் லயத்துத் தொழிலாளர் வீடுகளுக்கான ஒரே பாதையை மூடிவிட்டது. அங்கே ஷாமிளா நிறைமாசம். அவளைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு இறக்க வேண்டும். மண் அள்ள வேண்டிய லோடரின் பக்கெட்டோ, தூக்கிவிட்டு லீவரை விட்டால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. லொறிக்குப் போவதற்குள் அதன் பலகையில் இடிக்கிறது.

இப்போது அதை ஓட்டுவது சசியின் தம்பி ஸ்ரீதரன். “சிலிண்டர் சீல் போச்சு அண்ணி. புதுசு கொழும்புலருந்துதான் வரணும்.”

சோறு கொண்டுவந்த கோகிலா திரும்பிப் போகவில்லை.

பஜாரிலிருந்து வந்த மெக்கானிக் ஜாபிர் சாறனை மடித்துக் கட்டினார். “எல்லாரும் டொக்டர்தான். பக்கெட்ட நிலத்துல வச்சி இஞ்சின நிப்பாட்டுங்க தம்பி. ஹோஸ மாத்திப் பூட்டிப் பார்ப்பம்.”

[வாசகர் இங்கே ஓடிவிடக் கூடாது. ஒரு லீவர் தூக்கும். மற்றது பக்கெட்டைக் கவிழ்க்கும். எண்ணெய்க் குழாய்களை மாற்றிப் பூட்டினால் கவிழ்க்கிற லீவர் தூக்கத் தொடங்கும். அப்போதும் இறங்கினால் கோளாறு சிலிண்டரில். நின்றால் வால்வில்.]

3

“சரி, இப்ப மற்ற லீவரால தூக்குங்க,” என்றார் ஜாபிர்.

பக்கெட் ஏறியது. ஸ்ரீதரன் லீவரை விட்டான். பக்கெட் பல்லில் தொங்கிய ஒரு வேர் ஆடியது. பக்கெட் அசையவில்லை.

“நிக்குது ஜாபிர் நானா.”

“நிக்கும். கொழும்புக்கு டிக்கட் எடுத்தாச்சா தம்பி?”

கோகிலா சிரித்தாள். மாசிக்குப் பிறகு முதல் சிரிப்பு. (இதை அடித்தேன். மறுபடி எழுதினேன்.)

4

வால்வுக்குள் எண்ணெய்க்கு வழி திறந்து மூடும் தண்டு ஒன்று உண்டு. லீவரை விட்டதும் அது தானாக நடுவுக்கு வர வேண்டும். தூக்கும் லீவரின் தண்டு வரவில்லை. ஜாபிர் டோர்ச் அடித்தார்.

“என்னது, சீமெந்தா?”

சந்தனம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சசி அந்தத் தண்டு வெளியே வரும் இடத்தில்தான் பொட்டு வைப்பான். “சாமிக்கு வச்சத தொடைக்கலாமா?” என்று பழையதின் மேலேயே புதியதை அப்புவான். ரப்பர் மூடி கிழிந்து, தூசியும் எண்ணெயும் சேர்ந்து, எல்லாம் கல்லாகித் தண்டைப் பிடித்திருந்தது.

மேல் அடுக்கில் ஒரு கட்டைவிரல் குழி. ரேகை அப்படியே. ரப்பர்ப் பால் வெட்டும் கத்தி சசிக்குப் போட்ட தழும்பின் கோடும்.

ஸ்ரீதரன் ஃபோனில் படம் எடுத்தான். டோர்ச் வெளிச்சத்தில் வெறும் வெள்ளைதான் விழுந்தது.

ஜாபிர் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியை அவள் பக்கம் நீட்டினார். “நீங்களே எடுங்க தங்கச்சி. ஏலாதெண்டா நான் எடுக்கிறன்.”

5

முதல் முடிவு: பொட்டு உடையாமல் முழுசாகக் கழன்று வந்தது. (பொய். காய்ந்த சந்தனம் அப்படி வராது.)

இரண்டாவது: ஹோஸ்களை மாற்றியபடியே விட்டுவிட்டார்கள். (விட்டால் பக்கெட் தானாகக் கவிழும். மண் பாதையிலேயே கொட்டும்.)

மூன்றாவது: கோகிலா கண்ணை மூடிக்கொண்டு...

இல்லை. இதை நான் எழுத மாட்டேன். மழைக்கு மறுபடி இருட்டுகிறது, மேல் லயத்தில் ஷாமிளா வலியோடு இருக்கிறாள். ஸ்க்ரூடிரைவரை உங்களிடம் தருகிறேன். ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள். விரல் பதிந்திருக்கும் இடத்தைக் கடைசியாக எடுங்கள்.