கொடியின் பிறப்பிடம்

மாக்கிறேற் தன் வீட்டு வேலியில் பறித்து வந்த கொடியைச் சயந்தினி வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மண்டைதீவின் செடிகொடிகளைப் பதிவுசெய்ய அவள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து மூன்று நாளாகிறது. இந்தப் பூ அவளுடைய பட்டியலில் இல்லை. ஐந்து செம்மஞ்சள் இதழ்கள், நடுவில் கண்மணிபோல் கறுப்பு. பூவின் அடியை இரண்டு பச்சை மடல்கள் பொத்திப் பிடித்திருந்தன. இலைக்காம்பின் இருபுறமும் செட்டைபோல் மெல்லிய விளிம்பு.

"இது எந்த நாட்டுக் கொடி, பிள்ளை?"

"ஆபிரிக்கா, அன்ரி. கிழக்குப் பக்கம்."

மாக்கிறேற் கதிரையில் இருந்துவிட்டாள். இருபத்தாறு வருடங்களுக்கு முன் அவள் புருசன் யாக்கோப்பு அன்ரனிதாஸ் பிரான்சுக்கென்று, ஆளனுப்பும் ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டவன். ஆபிரிக்காவில் எங்கோ நிற்பதாக ஒரேயொரு கடிதம், முத்திரையில்லாமல், யாரோ ஒருவர் கைவசம் வந்தது. 'இருக்கிற வீட்டு வேலியில இது நிக்குது, உமக்குப் பிடிக்கும்' என்று எழுதி ஐந்தாறு விதை வைத்திருந்தான். பிறகு ஒரு தகவலும் இல்லை. கோடையில் கொடி கருகிப்போகும். அவள் விதை பொறுக்கி வைத்து மாரிக்கு மறுபடி போடுவாள். இதையெல்லாம் சயந்தினிக்குச் சொல்லி முடித்தாள்.

"எந்த நாடெண்டு தெரிஞ்சால் அந்த அரசாங்கத்துக்கு எழுதலாமெல்லே?"

கென்யா என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த முகம் தெளிந்துவிடும். சயந்தினிக்கு அது வாய்வரை வந்தது.

"பிறப்பிடம்தான் கிழக்கு, அன்ரி. பூந்தோட்டத்துக்கெண்டு சனம் உலகம் முழுக்கக் கொண்டுபோய் நட்டிட்டுது. மேற்கு ஆபிரிக்காவிலயும் நிக்கும். இதை வைச்சு அவர் நிண்ட இடத்தைச் சொல்ல ஏலாது."

மாக்கிறேற் கடல் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "இஞ்ச இதுக்கு இனசனம் ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு. குளத்தடி நீர்முள்ளியும் இதுவும் ஒரே குடும்பம்."

"அந்த முள்ளுச் சனியனோ!" சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சயந்தினி கொடியைத் தாள்களுக்கிடையே விரித்து, பதிவுத்துண்டில் பெயர், குடும்பம், இடம், திகதி எழுதினாள். படிவத்தில் இல்லாத ஒரு வரியைக் கீழே தானே சேர்த்தாள். தீவுக்குக் கொண்டுவந்தவர்: யாக்கோப்பு அன்ரனிதாஸ்.

மாக்கிறேற் எழுந்துவந்து குனிந்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"அவர் கொண்டுவரேல்லைப் பிள்ளை. அனுப்பினவர்."

சயந்தினி அந்தச் சொல்லை வெட்டி, 'அனுப்பியவர்' என்று மேலே எழுதினாள். கடற்காற்று தாளைத் தூக்கியது. மை காயுமட்டும் மாக்கிறேற் அதைச் சுற்றி இரண்டு கைகளையும் அணையாக வைத்துக்கொண்டு நின்றாள்.