கைப்பிடியில் பூசிய கரி

கொக்கி தன் தங்கை புருஷனுக்குத் தர வேண்டிய பாக்கி நாலாயிரத்து முந்நூற்று எழுபது. தச்சு வேலை செய்யும் மாப்பிள்ளை தன் கையாலேயே இழைத்துக் கொடுத்த வில்லின் விலை அது. பணம் இல்லாமல் இல்லை. எண்ணி மடித்து டிபன் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

மரக்கிடங்கில் லாரியிலிருந்து பலகை இறக்குகிறவர் கொக்கி. பலகையை இழுக்கிற இரும்புக் கொக்கி எந்நேரமும் இடுப்பில் தொங்கும், அதனால் அந்தப் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் அவருக்கே ஞாபகம் வரும். கிடங்கின் பின்சுவரை ஒட்டி நீளமாக ஒரு காலி இடம். செவ்வாயும் சனியும் வேலை முடிந்ததும் நாலைந்து பேர் அங்கே வைக்கோல் கட்டு அடுக்கி வைத்து அம்பு விடுவார்கள். வில்லெல்லாம் வாட்ச்மேன் அறையில் ஆணியில் தொங்கும்.

சில நாள் கொக்கி விடுகிற ஆறு அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் போய்க் குத்தி நிற்கும். சில நாள் ஒன்று இடப்பக்கம் ஓடும், அடுத்தது வலப்பக்கம், மூன்றாவது சுவரில் மோதி மூக்கு உடையும். அதே வில், அதே அம்பு, அதே கண்.

இரண்டு மாதம் கவனித்துப் பார்த்தார். அம்பு குறி தவறின நாளெல்லாம் மாப்பிள்ளை கிடங்குக்கு வந்த நாள். மர லாரி வரும். பலகை பொறுக்க மாப்பிள்ளை வருவார். வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்து டீ குடிப்பார். அன்று சாயங்காலம் அம்பு தறிகெட்டுப் போகும். மாப்பிள்ளை வராத நாளில் வில் பசு மாதிரி சொன்னபடி கேட்கும்.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று தங்கையிடம் கேட்டார்.

"அவரு செஞ்ச வில்லை அவரே எதுக்குண்ணே கெடுக்கப் போறாரு?"

"நான் அலுத்துப்போய்த் திருப்பிக் குடுத்துட்டா, வேற ஆளுக்குக் கூடுதல் விலைக்கு விக்கலாம்ல?"

"ஆமாமா, உங்க வில்லை வாங்க வாசல்ல வரிசை கட்டி நிக்கிறாங்க. போங்கண்ணே."

பேச்சு மாப்பிள்ளை காதுக்குப் போகாமல் இருக்குமா? மறுநாளே வந்து நின்றார்.

"மச்சான், வள வளன்னு பேச எனக்கு நேரமில்ல. புதன்கிழமைக்குள்ள பணம் வரணும், இல்லன்னா வில்லு வரணும். ரெண்டும் வரலன்னா என் வீட்டுப் பக்கம் தலை வச்சும் படுக்காதீங்க."

கொக்கிக்குப் பகீர் என்றது. அவர் தனிக்கட்டை. ராத்திரிச் சாப்பாடு தங்கை வீட்டில்தான். சாப்பாடு கடையிலும் கிடைக்கும். 'ஏண்ணே லேட்டு' என்று கேட்கிற குரல் எந்தக் கடையில் கிடைக்கும்? ஆனாலும் ஏமாந்துபோய்ப் பணம் கொடுக்க அவர் தயாராக இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் நியாயம் தன் பக்கம் என்று நினைத்தார்.

சனிக்கிழமை லாரி வந்தது. காலையிலேயே வாட்ச்மேனுக்குத் தெரியாமல் உள்ளே போய், அடுப்புக்கரியை நுணுக்கி வில்லின் கைப்பிடியில் தடவி வைத்தார். தொட்டவன் கை கறுக்கும். மத்தியானம் மாப்பிள்ளை டீ குடித்துவிட்டு வெளியே வந்ததும் போய் வழிமறித்தார்.

"மாப்பிள்ளை, கையைக் காட்டுங்க."

"ஜோசியமா? உங்க பணம் எப்ப வரும்னு என் கையில எழுதியிருக்கா?"

கையில் பசையும் வார்னிஷும்தான் இருந்தன. கரி இல்லை.

"கழுவிட்டீங்களா?"

"சாப்பிடறதுக்கு முன்னாடி கழுவினேன். அதுவும் குத்தமா?"

கழுவியிருக்கிறான்! கொக்கி ஓடிப்போய் வில்லைப் பார்த்தார். பூசின கரி பூசினபடியே இருந்தது. அப்படியானால் வாட்ச்மேன் மறுபடி பூசிவிட்டானா? வாட்ச்மேன் குடிக்கிற டீக்கும் காசு கொடுப்பது மாப்பிள்ளைதானோ என்று யோசித்தார். சந்தேகம் இப்போது இரண்டு பேர் மேலும் சமமாக உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் அம்பு விட்டார். ஆறில் இரண்டுதான் வைக்கோலைத் தொட்டன. ஆத்திரத்தில் வெள்ளையடித்த சுவரில் இடது கையை ஓங்கி அறைந்தார். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை முழுக் கையும் கறுப்பாகப் பதிந்தது.

செவ்வாய்க்கிழமை லாரி இல்லை. வாட்ச்மேன் மேல் சந்தேகம் தீராததால் அன்றும் கரி பூசினார். யாரும் தொடவில்லை. ஆறு அம்பும் தட்டுக்குள் போய் நின்றன. கையைத் துடைக்க அதே சுவரில் அழுத்தினார். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் மட்டும் ஒரு பட்டை கரி. மற்ற இடம் சுத்தம்.

பின்னால் நின்ற வாட்ச்மேன் சுவரைப் பார்த்தார். "என்ன கொக்கி, சனிக்கிழமை வில்லு விட்டது ஒரு ஆளு, இன்னிக்கு விட்டது வேற ஆளா?"

கொக்கி சுவரில் பதிந்திருந்த இரண்டு கை அச்சையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வில்லை எடுத்தார். பலகை தோளிலிருந்து சரியாமல் பிடிப்பாரே, அப்படி ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்து மூன்று அம்பு விட்டார். மூன்றும் மூன்று திசையில் போயின. விரல்களைத் தளரவிட்டு, கட்டைவிரல் மேட்டில் மட்டும் வில்லைத் தாங்கி மூன்று விட்டார். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் குத்தின.

லாரி வருகிற நாளில் இருநூறு பலகை இறக்கிய கை. வேலை முடிந்தும் விரல் விரியாது. வில் என்ன, டம்ளர் என்ன, எதைக் கொடுத்தாலும் பலகை என்றே பிடிக்கும். அப்படிப் பிடித்தால் வில் கைக்குள் திருகிக்கொள்ளாமல் என்ன செய்யும்? லாரியும் மாப்பிள்ளையும் ஒரே நாளில் வந்தார்கள். கொக்கி லாரியை விட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே டிபன் டப்பாவோடு, தங்கை வீட்டை ஒட்டிய மாப்பிள்ளையின் பட்டறைக்குப் போனார். மாப்பிள்ளை பணத்தை இரண்டு தடவை எண்ணினார். ஒரு நோட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கெடு நாளைக்குத்தானே மச்சான்? முந்தின நாளே வந்து நிக்கிறீங்க. நோட்டு நல்ல நோட்டுதானா?"

"வில்லு நல்ல வில்லுதான் மாப்பிள்ளை. பிடிச்ச கைதான் சரியில்ல."

"யாரு கை?"

"என் கை."

மாப்பிள்ளை பணத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கிடங்கு வாசல்ல நிக்க வச்சு என் கையைக் காட்டச் சொன்னீங்களே. உங்க கையை ஒரு தடவை பாத்திருக்கலாம்ல?"

உள்ளேயிருந்து தங்கை குரல் கொடுத்தாள்: "விசாரணை முடிஞ்சுதுன்னா ரெண்டு பேரும் வாங்க. சோறு ஆறுது."

மாப்பிள்ளை கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பலகையை எடுத்தார். யார் யார் எவ்வளவு பாக்கி என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிற பலகை. கொக்கியின் வரியைத் தேடிப் பிடித்து, அதன் மேல் இழைப்புளியை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. எழுதும்போது கோபத்தில் அழுத்தி எழுதியிருந்தார் போல. நாலாயிரம் இன்னும் லேசாகத் தெரிந்தது. இன்னொரு முறை இழைத்தார்.