தம்மாமில் தெரியும் நடை

மன்சூர் தான் வேலை பார்க்கும் அரபு நாட்டுத் தம்மாமிலிருந்து கொடுத்தனுப்பிய போனுக்கு விரலும் வேண்டாம், முகமும் வேண்டாம், நடை போதும். ஷமீம் பானு அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால் திறந்தே இருக்கும். வேறு யாராவது எடுத்துக்கொண்டு நடந்தால் பூட்டிக்கொண்டு, மன்சூருக்குச் செய்தி அனுப்பிவிடும். பெண்டாட்டி வடகரையில் நடக்கிற நடைக்கு அவன் தம்மாமிலிருந்து காவல் இருந்தான்.

சாரல் விழ ஆரம்பித்ததும் தங்கச்சி ஜுஹைனா நச்சரித்து, பானுவைப் பழைய குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அருவி என்றாலே மன்சூருக்கு ஆகாது. அதனால் தென்காசிக்குத் துணி எடுக்கப் போவதாக அவனிடம் சொல்லியிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனிடம் சொன்ன முதல் பொய். அதற்கே பாசிப் பாறை காலை வாரிவிட்டது. விடிவதற்குள் கணுக்கால் பணியாரம் மாதிரி வீங்கிப்போனது.

மறுநாள் காலையில் அடுப்படிக்கும் வாசலுக்கும் நொண்டி நடந்தாள். போன் பூட்டிக்கொண்டது.

"லாத்தா, இது நீயில்லன்னு நெனச்சுட்டு. இன்னேரம் மச்சானுக்குத் தகவல் போயிருக்கும்" என்றாள் ஜுஹைனா.

காலில் அடி என்றால் எங்கே விழுந்தாய் என்பான். பொய் வெளியே வந்துவிடும். பானு பல்லைக் கடித்துக்கொண்டு முற்றத்தில் நேராக நடந்தாள். வலியில் கண்ணீர் முட்டியது. போன் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதை மறந்து, சிரித்த முகமாக வேறு இருந்தாள். போன் திறந்துகொண்டது. சற்று நேரத்தில் மன்சூர் கூப்பிட்டான்.

"ஏட்டி, என்ன நடக்குது அங்கன? நடை மாறிட்டு, போன் களவு போயிருக்கணும், இல்லன்னா காலுல அடி பட்டுருக்கணும்னு வந்துச்சு. இப்ப நீதான்னு வருது."

"ஒண்ணுமில்ல மச்சான். ஜுஹைனா சும்மா எடுத்துப் பாத்தா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லவேள. பயந்துட்டேன் பாத்துக்கோ. முதலாளிட்ட போய் நின்னேன். மனுசன் என்ன நெனச்சாரோ, லீவு தாரேன், ஊருக்குப் போயிட்டு வான்னுட்டாரு. இனி வேண்டாம்னு சாயங்காலம் சொல்லிருதேன்."

"சரி" என்றாள். அவனைப் பார்த்து இரண்டு பெருநாள் போய்விட்டது. போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. போன் மேலும் ஆத்திரம், தன் மேலும் ஆத்திரம்.

ஜுஹைனா தைலம் கொண்டுவந்தாள். "உக்காரு, தேச்சு விடுதேன்."

"இரி, கொஞ்சம் நடந்துட்டு வாரேன்." பானு போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"மச்சான் குற்றாலத்தப் பத்திக் கேட்டா?"

"கேக்கட்டும். நேர்ல வந்து கேக்கட்டும்" என்று சொல்லி, வலிக்கிற காலை வலிக்கிறபடியே வைத்து, போன் பூட்டிக்கொள்ளும்வரை நடந்தாள்.